இரு மடங்கு வேகம்

எப்பலேர்ந்து சார் இப்படிப் பேசறாங்க என்று கேட்டுவிட்டு அந்தச் சின்ன டாக்டர் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், நான் சொன்னதும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம் என்ற நினைப்பில். நான் என் பெண்டாட்டி இந்திராணியைப் பார்த்தேன். இந்திராணி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நாளா, என்றேன். கொஞ்ச நாள்னா ஒரு வாரமா ஆறு மாசமா, ஒரே நாள்ல திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா, அதை வெச்சுத்தான் சார் மேடம் எதையுமே முடிவு பண்ணுவாங்க, ஸ்கேன் முடியறதுக்குள்ள நல்லா யோசிச்சு வைங்க, கூடவே இருக்கறவர் நீங்கதானே, என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கூடவே இருக்கிறவர். அது உண்மைதான். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன், அவள் சமையலறையில் என்றால் நான் கூடத்தில், அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தினால் நான் படிக்கட்டு நிழலில். அப்படி இருந்தும் எப்பலேர்ந்து என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவளை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாதாம். சங்கிலி, தோடு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள், மூக்குத்தித் திருகு மட்டும் வர மாட்டேன் என்று அடம்பிடித்ததில் நர்ஸம்மா சோப்புத் தண்ணீர் தொட்டு எடுத்தாள். அந்த முடிச்சு என் சட்டைப் பையில் கனக்கிறது. நான் இந்தச் சில்லிட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இடது காதில் ஒருத்தி தேனீக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். எப்போது மாட்டினேன் இந்த இயர்போனை? கதவு சாத்தியதும் கை தானாகப் பைக்குள் போய் எடுத்து மாட்டிவிட்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் கழற்றவும் இல்லை. ராணித் தேனீக்கு வேலைக்காரத் தேனீக்கள்தான் ஊட்டிவிடும் என்கிறாள் அவள், மூச்சே விடாமல், இரண்டு மடங்கு வேகத்தில். இது தொண்ணூற்றொன்பதாவது புத்தகம்.

நூறு முடிக்க வேண்டும். வருஷம் முடிய நான்கு நாள் இருக்கிறது. ஜனவரி பிறந்த அன்று ரெக்ஸ் நடத்துகிற 'வருஷம் நூறு' வாட்ஸப் குழுவில் என் பெயரோடு, செவ்வந்திநாதன், நூறு புத்தகம், என்று ஜம்பமாகப் போட்டேன். ரெக்ஸ் ஒரு கல்லூரி நூலகர், புத்தகம் படிக்கிறவர்களை எல்லாம் வலை வீசிப் பிடித்து வைத்திருக்கிறான். அவன்தான் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு செயலியைச் சொன்னான். இலக்கு நூறு என்று தட்டிவிட்டால் ஒரு பச்சைக் கோடு வரும், ஒவ்வொரு புத்தகம் முடிக்கும்போதும் கோடு நீளும், தாமதமானால் நீங்கள் மூன்று புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று சிவப்பில் வரும். வணிக வரி அலுவலகத்தில் காலம் தள்ளினவனுக்குச் சிவப்பு எழுத்து என்றால் என்ன என்று தெரியும். மார்ச் மாதம் வந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது, இலக்கில் எத்தனை சதவீதம் என்று மேலிடத்திலிருந்து மணிக்கொரு தரம் போன் வரும். ஓய்வு பெற்றதும் அந்தச் சனியன் விட்டது என்று நினைத்தேன். விடவில்லை, நானே தேடிப் போய்க் கழுத்தில் கட்டிக்கொண்டேன். பிப்ரவரி வரை அச்சுப் புத்தகம்தான் படித்தேன். பிறகு கண் எரிந்தது, எழுத்து நீந்தியது, சிவப்பில் வந்துவிட்டது. புனேயிலிருந்து வந்த எங்கள் பெண் நிதிலாதான் ஒலிப்புத்தகத்தைப் போட்டுக் கொடுத்து, காதுல கேளுப்பா, கண்ணுக்கு ரெஸ்ட் குடு, என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டதெல்லாம் படித்த கணக்கில் சேருமா என்று குழுவில் ஒரு வாரம் அடிதடி. முழுசாக் கேட்டா ஒண்ணு ஒண்ணுதான் சார், என்று ரெக்ஸ் தீர்ப்புச் சொன்னான். எந்த வேகத்தில் கேட்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. முதலில் ஒன்றேகால், அப்புறம் ஒன்றரை, ஏப்ரலில் எல்லாம் இரண்டு. பதினோரு மணி நேரப் புத்தகம் சமையல் முடிந்து பாத்திரம் கழுவி அவள் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் முடிந்துவிடும். கோடு பச்சையானது. நான் பெருமைப்பட்டேன், அதைச் சொல்லாமல் என்ன.

இரண்டு மடங்கில் கேட்டுப் பழகின காதுக்கு ஊரில் இருக்கிற அத்தனை பேரும் இழுவை. பால்காரர் இழுவை, செய்தி வாசிக்கிறவள் இழுவை, கோயில் குருக்கள் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். எல்லாரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவதாகவே எனக்குத் தோன்றும். ரெக்ஸ் போன் செய்தால் கூட, சீக்கிரம் விஷயத்துக்கு வாய்யா என்று மனசுக்குள் திட்டுவேன். அந்த வரிசையில் இந்திராணியும் ஒருத்தி, அவ்வளவுதான். இதைத்தான் நான் உள்ளே போய்ப் பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாரும் மெதுவாப் பேசுனாங்க மேடம், அதனால இவ மெதுவாப் பேசுனது தெரியல. சொன்னால் என்னை எந்த டாக்டரிடம் அனுப்புவாள்? அவள் கூடத்துக்கு வந்து நின்றால் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிப் புத்தகத்தை நிறுத்துவேன், ஆனால் விரலை எடுக்க மாட்டேன். விரல் அங்கேயே நிற்கும், அவள் முடித்ததும் மறுபடி தட்டுவதற்கு. அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், அந்த விரலைத்தான் பார்த்துப் பேசுவாள். ஒரு தடவை பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்த கதையைச் சொல்ல வந்தாள், ஏதோ ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு அந்த... அந்த... என்று நின்றாள், நான் ஆட்காட்டி விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினேன், ம், மேலே, மேலே, என்று. அவள் ஒன்றுமில்லை என்று போய்விட்டாள். அது எந்த மாதம்? கேஸ் கசிந்தது எப்போது? பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும், கேட்கலாம், உங்க வீட்ல கேஸ் எப்ப சார் லீக் ஆச்சு, எம் பொண்டாட்டிக்கு அன்னிக்குப் பேச்சு எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போல, எதிரே இருந்த பெண்பிள்ளை என்னைப் பார்க்கிறாள். தேனீக்காரி நடனமாடிக் காட்டித் திசை சொல்வதைப் பற்றிச் சொல்கிறாள். நிறுத்தினேன். பிறகு அந்த அமைதி தாங்காமல் மறுபடி ஓடவிட்டேன்.

நான் கண்டுபிடிக்கவில்லை என்பதும் இருக்கட்டும், கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் சண்டைக்குப் போனேனே. நிதிலா இரண்டு மாதமாக வேலை வேலை என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள், போன ஞாயிற்றுக்கிழமைதான் ஆற அமரப் பேசினாள். எப்போதும் நாலு வார்த்தையில் போனை என்னிடம் தள்ளிவிடுகிற இந்திராணி அன்றைக்குத் தப்ப முடியவில்லை, நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து வாங்கிக் காதில் வைத்ததும் நிதிலா கேட்டாள்:

"அப்பா, அம்மா ஏன் இப்படிப் பேசுது?"

"எப்படிப் பேசுது?"

"நாக்கு தடிச்ச மாதிரி. ஒவ்வொரு வார்த்தையாத் தேடித் தேடி. பயமா இருக்குப்பா."

"உங்கம்மா எப்பவும் இழுத்து இழுத்துத்தானே பேசுவா."

"அம்மாவா? யாரு, நம்ம அம்மாவா?"

அந்த அம்மாவா என்ற சொல் ஐந்து நாளாக என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம்ம அம்மாவா. எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்குத் தம்போலா எண் கூப்பிட வேறு ஆளே கிடையாது, இந்திராணிதான். பையில் கையை விட்டு வில்லையை எடுக்கும்போதே வாயில் வசனம் வந்துவிடும், ரெண்டு வாத்து நீந்துது இருபத்திரண்டு, கிழவிக்குப் பல்லு கொட்டுச்சு எழுபத்தேழு, ஏன் கொட்டுச்சு என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு பதில், எண்களை அடித்துக்கொண்டு போவதற்குள் கூட்டத்துக்குக் கை வலிக்கும். கொஞ்சம் மெதுவா சொல்லுங்க மாமி என்று பிள்ளைகள் கத்தும், காதை வாடகைக்கு விட்டிருக்கீங்களா என்பாள். கல்யாணமான புதிதில் அவள் பேசுவது எனக்கே பாதி புரியாது. இந்தப் பொங்கலுக்கும் கூப்பிட்டாள், நன்றாகத்தான் கூப்பிட்டாள், எனக்கு நினைவிருக்கிறது, அப்போது நான் இன்னும் அச்சுப் புத்தகத்தில் இருந்தேன், காது சும்மா இருந்தது. சுதந்திர தின விழாவுக்குச் செயலாளர் வீட்டுக்கே வந்து அழைத்தார், தொண்டை கட்டியிருக்கு என்று சைகையில் காட்டி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தொண்டை கட்டவில்லை. அதுவும் எனக்கு அப்போதே தெரியும். இந்த வயசுக்கு மேல் எதற்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு என்று அவளே ஒதுங்கிவிட்டாள் போலும் என்று நானே ஒரு காரணம் கட்டி முடித்துவிட்டுப் போய்ப் புத்தகம் கேட்க உட்கார்ந்தேன். ஆக ஜனவரியில் நன்றாக இருந்தாள், ஆகஸ்ட்டில் இல்லை. நடுவில் எங்கோ. நடுவில் எங்கோ என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா?

செயலியைத் திறந்தேன். எனக்கு நாள் கிழமை நினைவிருக்காது, புத்தகம் நினைவிருக்கும், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அவள் அகப்படுவாள் என்று ஒரு நப்பாசை. மார்ச்சில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் நடந்தவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், அதைக் கேட்டது பல் பிடுங்கப் போன அன்று, காத்திருப்பு அறையில் பக்கத்தில் இந்திராணி இருந்தாள், என்ன பேசினாள்? பேசினாளா? ஏப்ரலில் கப்பல் உடைப்பவர்களைப் பற்றிய ஒரு நாவல், அது ஓடும்போது சமையலறையில் முருங்கைக்காய் வாசனை, அவள் ஏதோ கேட்டாள், நான் தலையாட்டினேன், எதற்குத் தலையாட்டினேன்? அந்தக் கப்பலின் பெயர் தெரிகிறது, அதில் செத்துப்போன இரண்டு பேரின் பெயர் தெரிகிறது, நாவலில் ஒரு பெண்பிள்ளை கடற்கரையில் நின்று சொன்ன வசனம் வார்த்தை மாறாமல் தெரிகிறது. முருங்கைக்காயை வைத்துக்கொண்டு என் பெண்டாட்டி கேட்டது தெரியவில்லை. மே மாதம் வெறும் சின்னப் புத்தகங்கள், கோடு சிவந்துவிடும் என்ற பயத்தில் குழந்தைகள் கதையெல்லாம் கேட்டுக் கணக்கில் ஏற்றியிருக்கிறேன், சிங்கம் நரி கதைக்கு மூன்றரை நட்சத்திரம், அடப் பாவி. ஜூனில் அவள் என்னிடம் வந்து ஒரு தடவை நின்றாள். இது புத்தகம் இல்லாமலே நினைவுக்கு வருகிறது. வாசலில் மழைக்கு முந்திய வெளிச்சம், கையில் தண்ணீர்ச் செம்பு, என்னங்க, என்றாள், விரல் தட்டியது, காத்திருந்தேன், அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என்ன, என்றேன். நா... நாக்கு, என்றாள். நாக்குல புண்ணா, வெந்தயத்தைத் தண்ணில போட்டுக் குடி, உடம்பு சூடு, என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு விரலைத் தட்டினேன். ஐயோ. அவள் சொல்ல வந்தாள். அவள் அன்றைக்கே சொல்ல வந்தாள். இல்லை, ஒருவேளை நிஜமாகவே புண்ணாகத்தான் இருந்திருக்கும், அடுத்த நாள் வெந்தயம் ஊறப் போட்டிருந்தாளே, குடித்தாளே, புண் இல்லாதவள் எதற்குக் குடிப்பாள். நான் சொன்னதற்காகக் குடித்திருப்பாள். அவள் அப்படித்தான்.

சரி, குரல் இருக்கிறதே. அவள் எனக்கு வாட்ஸப்பில் எழுதுவதே இல்லை, குரல்தான் அனுப்புவாள், கடையிலிருந்து, பஸ்ஸிலிருந்து, கரூரில் அவள் தங்கை வீட்டிலிருந்து. அதைக் கேட்டால் தெரிந்துவிடாதா? தேனீக்காரியை நிறுத்திவிட்டு நவம்பரில் கரூரிலிருந்து வந்ததைத் தட்டினேன். என்னங்க, குழம்பு ஃப்ரிட்ஜுல மேல் தட்டுல இருக்கு, சுட வெச்சு சாப்பிடுங்க, பூச்செடிக்குத் தண்ணி ஊத்துங்க, நான் நாளைக்கு சாயங்காலம் வந்துருவேன். கேட்டதும் எனக்கு மூச்சே திரும்பி வந்தது. நல்லாத்தானே பேசியிருக்கா! அதே இந்திராணி, அதே குரல், ஒரு சிக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. நவம்பர்வரை நன்றாக இருந்திருக்கிறாள், அப்படியானால் இது திடீரென்று வந்தது, ஒரு மாதத்துக்குள் வந்தது, நான் எதையும் தவறவிடவில்லை, நிதிலாவிடம் சொல்ல வேண்டும், சின்ன டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று எழுந்தே விட்டேன். எழுந்த பிறகுதான் அந்தக் குரல் பட்டைக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் இரண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அதிலும் இரண்டு மடங்குதான் வைத்திருக்கிறேன். எப்போதோ வைத்தது, அப்படியே நிற்கிறது. உட்கார்ந்தேன். அந்த வட்டத்தைத் தட்டி ஒன்றுக்குக் கொண்டுவர எனக்குத் தைரியம் வரவில்லை. கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். லிப்ட் திறந்தது, மூடியது, யாரோ ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். எடுத்தேன், தட்டினேன், கேட்டேன். என்... னங்க. குழ... ம்பு. ஃப்ரிட்ஜு... ல, மேல்... மேல்... தட்டு... ல. பின்னால் அவள் தங்கை வீட்டில் மிக்ஸி ஓடி முடிந்துவிட்டது, அவள் இன்னும் தட்டைத் தாண்டவில்லை. முழுவதையும் கேட்டேன். குழம்பைச் சுட வைக்கச் சொல்வதற்கு அவள் எவ்வளவு பாடு பட்டிருக்கிறாள். அதை நான் பாதியாக்கிச் சீராக்கி, வழக்கமான இந்திராணியாக்கிக் கேட்டிருக்கிறேன். அக்டோபரில் வந்ததைக் கேட்டேன், அப்படியே. செப்டம்பரில் வந்ததும் அப்படியே. அதற்கு முந்தியதெல்லாம் இல்லை, கைபேசியில் இடம் அடைக்கிறது என்று ஒலிப்புத்தகம் இறக்குவதற்காக நான்தான் அழித்தேன்.

அப்புறம் அந்த ஆகஸ்ட். நினைக்க வேண்டாம் என்றுதான் சுற்றிச் சுற்றி வந்தேன், வந்து நிற்கிற இடம் அதுதான். ஆகஸ்ட்டில் பதினாறு புத்தகம். குழுவில் அந்த மாதம் நான்தான் முதல், ரெக்ஸ் மாலை படம் போட்டு, நாதன் சார் ரகசியம் என்ன என்று கேட்டிருந்தான். வீடு அமைதியாக இருக்கிறது தம்பி, அதுதான் ரகசியம், என்று பதில் போட்டேன். போட்டேனே. எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர், சார் வீட்ல மேடம் ஊர்ல இல்லையா என்று கேட்டிருந்தார். மேடம் ஊரில்தான் இருந்தாள். அதற்கு முன்னெல்லாம் அவள் ஒரு நாளில் இருபது தடவையாவது கூடத்துக்கு வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள், காய்க்காரன் வந்துவிட்டுப் போனது, கனவில் அவள் அம்மா வந்தது, எதிர்வீட்டுப் பெண் முடியை வெட்டிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் விரல் தட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்ட்டில் அவள் வரவில்லை. காப்பியை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனாள். சாப்பாடு என்றால் தட்டை வைக்கிற சத்தம். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் புருஷன் படிக்கிற ஆள் என்று இவளுக்குப் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வேன். எங்கள் ஆபீஸில் ஒரு பியூன் இருந்தார், மின்விசிறி நின்றுபோன பிறகுதான் இவ்வளவு நேரம் அது சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிகிறது என்பார். எனக்கு நின்றது கூடத் தெரியவில்லை. இல்லை, தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, பிடித்திருந்தது.

கதவு திறந்து இந்திராணி வந்தாள், மருத்துவமனையின் நீல அங்கிக்கு மேல் சேலைத் தலைப்பை ஒப்புக்குப் போர்த்திக்கொண்டு, பருத்திப் பஞ்சை இன்னும் காதில் வைத்துக்கொண்டு. மூக்குத்தி இல்லாத மூக்கு யாரோ வேறொருத்தியுடையது மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து முடிச்சை எடுத்துக் கொடுத்தேன், சங்கிலியைப் போட்டுக்கொண்டாள், தோட்டை நான் பிடித்துக்கொள்ள அவள் திருகினாள். உள்ளே சத்தம் பெரிதா என்று கேட்டேன். தலையாட்டினாள். பயமாக இருந்ததா என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, என் மடியில் கிடந்த கைபேசியைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டேன்.

"எத்... தனை... ஆச்சு?" என்றாள்.

"என்ன எத்தனை?"

"புக்... கு."

"இன்னும் ரெண்டு," என்றேன். சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் முகம் மலர்ந்தது. முடிச்... முடிச்சிரு... வீங்க, என்றாள். ஒரு கேலி இல்லை அதில், குத்தல் இல்லை, நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். நான் வருஷம் முழுக்க ஓடின ஓட்டத்தை அவள் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், எட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள், வழியில் குறுக்கே வரக் கூடாது என்று ஒதுங்கியும் இருந்திருக்கிறாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்று கூச்சமாகவும் இருந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. தேனீக்காரியை அணைத்தேன், செயலியையும் மூடினேன், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

பெரிய டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சின்னவள் அவள் காதருகே ஏதோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி அதே கேள்வி, எப்பலேர்ந்து சார். பொங்கல்ல நல்லா இருந்தா மேடம், என்றேன், ஆகஸ்ட்ல இல்ல. நடுவுல? நடுவுல தெரியல மேடம். ஒரே நாள்லயா, கொஞ்சம் கொஞ்சமாவா? தெரியல மேடம். நீங்க கூடத்தானே இருந்தீங்க? இருந்தேன் மேடம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இந்திராணியிடம் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். நான் கேக்கறதுக்கு நீங்க மட்டும் பதில் சொல்லணும்மா, சார் சொல்லக் கூடாது, என்று பேனாவைக் காட்டினாள். பே... னா. சாவியைக் காட்டினாள். சா... வி. கைக்கடிகாரத்தைக் காட்டினாள். இந்திராணி அதையே பார்த்தாள், தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள், நேரம், என்றாள், பிறகு இல்லை என்று தானே தலையாட்டினாள். என் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நிற்கிறது, தள்ளுகிறது, டாக்டரம்மா என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினாள். சரி பரவாயில்லம்மா, இவர் யாரு? வீட்டுக்... காரர். கரெக்ட், அவர் பேர் சொல்லுங்க.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில், பாங்கில், நிதிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, எங்கே கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து, பக்கத்தில் இருக்கிறவரைச் சொல்லச் சொல்வாள், ஆள் இல்லாவிட்டால் அட்டையை எடுத்து நீட்டுவாள், அவள் அம்மாவும் அப்படித்தான், எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான். அவ எம் பேரைச் சொல்ல மாட்டா மேடம், என்றேன் சிரித்துக்கொண்டே, எங்கள்ல வழக்கம் இல்ல, பேச்சு வராததால இல்ல, வேற ஏதாவது கேளுங்க. சின்ன டாக்டரும் சிரித்தாள். இருக்கட்டும், அவங்களே சொல்லட்டும், என்றாள் பெரியவள். நான் இந்திராணியைப் பார்த்தேன், தலையைக் குனிவாள், தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள், அந்தச் சிரிப்பு வரும் என்று. அவள் குனியவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெட்கம் இல்லை. உதடுகள் குவிந்தன, விரிந்தன, கழுத்து நரம்பு புடைத்தது. செ, என்றாள். நிறுத்தி எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி, செ. இவ்வளவு காலம் சொல்லாத பெயரை, கேட்டதும், ஒரு மறுப்பும் இல்லாமல் அவள் சொல்லத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செ... செ... என் பெயரின் முதல் எழுத்தில் நின்றுகொண்டு, மீதி எங்கே என்று என்னிடமே கேட்கிற கண்ணோடு.